சூடேற்றாத ரோலர்

பேரப்பிள்ளைகள் கண்ட பிறகும் வேலைக்குப் போகிறாளே என்று யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம். வீட்டிலிருந்தால் மருமகளோடு சண்டை வரும். லோண்ட்ரியில் சண்டை பிடித்தாலும் சம்பளம் வரும்.

லண்டனில் வெம்பிளிப் பக்கம் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கிற இடம் அது. ஈர விரிப்பை இரண்டு பேர் மூலைக்கு மூலை பிடித்துச் சுடு ரோலருக்குள் கொடுப்போம். மறுபக்கத்தால் அது அப்பளம் போல வரும். என்னோடு மற்ற மூலை பிடித்தவள் என்னைவிட மிகவும் இளையவள். வெளியே பனி கொட்டும். உள்ளே எங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ அண்ணை," என்று அவள் தினமும் கேட்பாள்.

"துணி களவு போகும், தங்கச்சி," என்பார் சூப்பர்வைசர். பிரான்சிலிருந்து வந்த எங்கள் ஊர் ஆள்தான்.

"எனக்கும் களவெடுக்கத்தான் ஆசை. ஆனால் அந்த விரிப்பு எங்கடை கட்டிலுக்குக் காணாது," என்று நான் சொல்ல அவள் சிரிப்பாள். அப்படிச் சிரித்த ஒரு காலையில்தான் விரிப்பின் மூலையைக் கைவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது, முடிந்துவிட்டதாம்.

மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தோம். கோட்டைக் கழற்றினோம். ரோலரின் பொத்தானை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"ஏன் அக்கா இன்னும் ஓடேல்லை?" சூப்பர்வைசர் என்னிடம்தான் வந்தார். வாய் நீளமானவளிடம்தானே கேட்பார்கள்.

"செத்த வீட்டிலை நெருப்பு மூட்டுறேல்லை, தம்பி."

"இது வீடில்லையே, அக்கா."

"அவள் வீட்டிலை நித்திரை மட்டும்தான் கொண்டவள். மிச்சமெல்லாம் இஞ்சைதான்."

"சரி, எப்ப மூட்டுவியள்?"

"அவளை எரிச்ச பிறகு."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "அக்கா, இது லண்டன். இஞ்சை அதுக்கு ரெண்டு மூண்டு கிழமை, பதினைஞ்சு இருபது நாள் எடுக்கும்."

ஊரில் காலையில் செத்தால் பின்னேரம் சுடலை. அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். இங்கே உடம்பை வெட்டிப் பார்த்து, கடிதம் கொடுத்து, எரிக்கிற இடத்தில் நேரம் கிடைக்க வேண்டும். பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொன்னதை மென்று விழுங்க எனக்குச் சொந்தப் பல்லும் இல்லை.

"எடுக்கட்டும்," என்றேன்.

மேனேஜருக்கு இது இழவு என்று விளங்கவில்லை. ஸ்ட்ரைக் என்று சொல்லி எங்களைக் கேட்டுக்கு வெளியே விட்டார். எங்களோடு வேலை செய்த குஜராத்திப் பெண்களும் கூட வந்தார்கள். அவர்கள் வழக்கமும் அதுதானாம். யாரோ தொழிற்சங்கத்துப் பெடியன் ஒருவன் கொடியும் விசிலும் கொண்டுவந்து தந்தான். செத்த வீட்டில் விசில் ஊதலாமா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. கடைசியில் நான் ஊதினேன். கட்டுப்பல் கழன்று கைக்குள் வந்தது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் சிரித்தோம்.

"அப்பம்மா, நீங்க ஸ்ட்ரைக்கா?" என்று பேத்தி கேட்டாள்.

"இல்லையடி, செத்த வீட்டுத் துடக்கு," என்றேன்.

முதல் கிழமை முடிய குளிர் எலும்புக்குள் இறங்கியது. வேறு ஆட்களை வைத்து ரோலரை ஓட்டப் போகிறார்கள் என்ற கதை வந்தது. பிறகு சூப்பர்வைசர் கேட் வாசலுக்கு வந்து, "இண்டைக்கு உள்ளை வந்தால் பின்கதவைத் திறந்து விடுகினமாம். வராட்டி ஒருத்தருக்கும் வேலையில்லை," என்றார்.

நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம்.

"அவள் கேட்டது கதவைத்தானே? அது கிடைச்சிட்டுது," என்றாள் ஒருத்தி.

"அவளை ஐஸ்பெட்டிக்குள்ளை வைச்சிட்டு இஞ்சை நெருப்பு மூட்டுவியோ?" என்றாள் இன்னொருத்தி.

அவர்களைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அவர்கள் எல்லோரையும் அந்தக் குளிரில் நிறுத்தியது என் வாய்தான்.

அப்போதுதான் செத்தவளுடைய புருசன் வந்தார். செத்த வீட்டுக்கு நாங்கள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அவர் எங்களுக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். எல்லாம் கேட்டார். பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, வீட்டிலை நான் அடுப்பு மூட்டிட்டன். சின்னவன் கடைச் சாப்பாடு வேண்டாமெண்டு அழுதவன். முட்டை பொரிச்சுக் குடுத்தனான்."

தேத்தண்ணியில் சீனி போட மறந்திருந்தார். குடித்து முடித்துவிட்டு உள்ளே போனோம்.

கதவு திறந்துதான் இருந்தது. என்னை ரோலரிலிருந்து எடுத்து அழுக்குத் துணி பிரிக்கிற மேசையில் விட்டார்கள், கதவுக்கு நேரே. பொத்தானை அழுத்தியது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரோலர் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளை எரிக்க அதற்குப் பிறகும் ஒரு கிழமைக்கு மேல் ஆனது.

பனிக்காற்று நேரே வந்து என் நெஞ்சில் அடிக்கும். விரல் விறைத்து விரிப்பு நழுவும்.

"அக்கா, கதவைச் சாத்தட்டே?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் கேட்டார்.

"துணி களவு போகட்டும், தம்பி," என்றேன்.