கூடலூரில் கிடைத்த கேபிள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தேனி பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. திங்கட்கிழமை இறுதியாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. இரண்டு ரவுட்டர்களை சீரியல் கேபிளால் நேரடியாக இணைத்துக் காட்ட வேண்டும். லேப் என் பொறுப்பு.

இந்தக் கேபிள் இரண்டு பாதிகளாக வரும். ஒன்றின் முனையில் ஊசிகள், மற்றதில் துளைகள். இரண்டும் பொருந்தினால்தான் இணைப்பு. லேபில் இருந்தது பழுதாகிவிட்டதால் ஆன்லைனில் புதிது வாங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை பார்சலைப் பிரித்தால், இரண்டுமே ஊசி முனை.

 தேர்வு தள்ளிப்போனால், வேலை உறுதியாகிச் சென்னைக்குக் கிளம்பக் காத்திருந்த பிள்ளைகளின் கதி என்ன? மதுரைக் கடைகளுக்கெல்லாம் போன் செய்தேன். எங்கும் இல்லை. கடைசியாகத் தேனியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்பவரிடம் கேட்டேன்.

"இப்ப யாரு மேடம் இதெல்லாம் கேக்குறாக?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "கூடலூர்ல ஒரு மேடம் வீட்டுல வச்சுப் படிக்க வாங்கிட்டுப் போனாக. கேட்டுப் பாக்குறேன்" என்றார். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டு, "உங்களைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாக" என்றார்.

கம்பம் தாண்டிக் கூடலூரில் இறங்கியபோது, என் வயதுள்ள ஒரு பெண் துணிப்பையோடு நின்றிருந்தார். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறாராம். இரண்டு பாதிகளையும் எடுத்து, பொருத்திக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

"என்னைய ஞாபகம் இருக்கா? உங்க காலேஜு இன்டர்வியூல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அந்த இன்டர்வியூவுக்குத் தயாராகத்தான் பழைய ரவுட்டர்களும் இந்தக் கேபிளும் வாங்கினாராம். ஒரே ஒரு இடம். அது எனக்குக் கிடைத்தது. 

அவரே தொடர்ந்தார். "சும்மாத்தான கெடக்கு, கொண்டு போங்க. பிள்ளைக பரிச்சை நிக்கக் கூடாதுல்ல. மாட்டுனதும் ரவுட்டர்ல பச்சை லைட்டு எரியலைன்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லேபைத் திறந்தேன். கேபிளைச் செருகி, கட்டளைகளைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன்.

"அப்பாடா. நானும் காலையிலருந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மறுநாள் தேர்வு குறையில்லாமல் நடந்தது. தனக்குக் கிடைக்காத வேலையை நான் நல்லபடியாகச் செய்து முடிக்க வேண்டுமே என்று ஒருவர் கூடலூரில் கவலைப்பட்டுக் காத்திருந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு மனம் லேசாகிவிடுகிறது.