திகதி போட்ட கவிதைகள்

தவமணி கண்டிக்கு வந்தது தபால் கந்தோர் வேலைக்காக. எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி வந்து கூப்பிட்டும் அவர் போகவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, ஓய்வு பெறும் நாள்வரை வேலைக்குப் போனார்.

கல்யாணம் ஆகாதவர். ஐம்பத்தெட்டு வயதில் முதல் பல் விழுந்த அன்று, ஒரு கொப்பி வாங்கிக் கவிதை எழுதத் தொடங்கினார். முதுமையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. ஒவ்வொரு கவிதையின் மேலும் திகதி போடுவார்.

அந்தத் திகதிகள்தான் வினையாயின. தொண்ணூற்றெட்டில் நகரில் குண்டு வெடித்த பிறகு, பஸ்களை மறித்துச் சோதித்தார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து திரும்பும்போது, பக்கம் பக்கமாகத் தமிழும் திகதிகளும் இருந்த கொப்பியை, ஏதோ தாக்குதல் திட்டம் என்று சந்தேகப்பட்டு ஒரு சிப்பாய் பறித்துக்கொண்டான்.

அவரோடு தபால் கந்தோரில் வேலை செய்த ரபீகா பதறினாள். "என்னத்துக்கு அக்கா வம்பு? வேற கொப்பி வாங்கி எழுதுங்க."

"புதுக் கொப்பி வாங்கலாம் ரபீகா. அறுபதாவது வயசைத் திரும்ப எங்கை போய் வாங்கிறது?"

மறுநாள் பொலிசுக்குப் போனார். நாளைக்கு வா என்றார்கள். போனார். அதற்கடுத்த நாளும் போய் அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. பயமும் இருந்தது, உள்ளே போன தமிழர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்று அவருக்குத் தெரியாதா? எழுந்து போகவில்லை.

நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "இந்தத் திகதிகள் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இது பல் விழுந்த நாள். இது கண்ணாடி போட்ட நாள். இது படியில் தடுக்கின நாள்." தவமணியும் சிங்களத்திலேயே சொன்னார்.

"ஒன்றை வாசியுங்கள்."

தமிழில் வாசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

*யாரும் திரும்பிப் பார்க்காத தெருவில்*
*இன்று நான் இராணிபோல நடந்தேன்.*
*விழுந்தால் தூக்க ஆளில்லை என்ற பயம்*
*எனக்கு முன்னே நடந்தது.*

"பயம் ஏன் முன்னால் போகிறது?"

"பின்னால் வந்தால் பார்க்காமல் இருந்துவிடலாம், ஐயா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று வாசிக்கச் சொன்னார். பிறகு கொப்பியைத் தள்ளிக் கொடுத்தார். நடுவில் நாலு கவிதைகள் இருந்த தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. மொழிபெயர்க்கக் கொழும்புக்கு அனுப்பியாயிற்றாம்.

அவற்றைக் கேட்டு ஐந்து கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாலையும் மறுபடி எழுதினார். பழைய வரிகள் பாதிதான் நினைவுக்கு வந்தன. மீதியை அறுபத்து மூன்று வயது எழுதியது.

"பழசைவிட இது நல்லா வந்திருக்கு," என்றார் ரபீகாவிடம்.

"ரெண்டு நல்லாருக்கு. மத்த ரெண்டும் சுமார்தான் அக்கா."

"ஓம். ஆனாலும் புத்தகத்திலை நாலையும் போடத்தான் போறன்."

அடுத்த வருடம், ரபீகா நானா என்று கூப்பிடும் அவள் அண்ணன் மஹ்ரூப் தன் அச்சகத்தில் இருநூறு பிரதி அடித்துக் கொடுத்தார். நாற்பத்தொரு கவிதைகள். சுமாரான இரண்டும் அதில் இருந்தன.