பந்து இல்லாத ஆட்டம் பேப்பரில் வந்தது

கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் கைலியும் சட்டையும் ஒரு போர்வையும். வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் போய்விடுவது என் வழக்கம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சில சமயம் பல்லும் மிஞ்சுகிறது.

அன்று காலைதான் எங்கள் விளையாட்டு பேப்பரில் வந்திருந்தது. அதற்காகத்தான் மாதக்கணக்கில் நாயாக அலைந்தோம். வந்துவிட்டது. வந்ததால்தான் கிளம்பினேன்.

விளையாட்டின் பெயர் ஓரியண்டியரிங். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் பழவேற்காடு வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மாஸ்டர். ஆட்டம் இதுதான்: கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டிலும் மேட்டிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கொடியாகத் தேடிப் போய், அங்கே தொங்கும் கருவியால் கையிலுள்ள அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டும். முதலில் முடிப்பவர் வென்றவர். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் எனக்கு உடனே புரிந்தது. இருக்கும் இடம் தெரியாமல் திரிவதைத்தான் நான் இருபது வருடமாகச் செய்துவருகிறேன். அதற்கு மெடல் உண்டு என்பதுதான் புதுச் செய்தி.

நான் அப்போது சந்தையில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, கொடி நடவும் பிடுங்கவும் ஆள் வேண்டும், சாப்பாடும் படுக்க இடமும் தருகிறேன் என்றார். கடல் பக்கத்துக் குப்பம் ஒன்றில், பழைய வலை போட்டுவைக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். மழை பெய்தால் ஒழுகும். பெய்யாவிட்டால் எலி.

ஓடுவதற்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் மாஸ்டர் வாங்கித் தரும் பரோட்டாவுக்காக வந்தவர்கள். உண்மையாக ஓடியது அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்திதான். இருபது வயது, பிளஸ் டூ முடித்தவள். தினமும் விடிவதற்குள் அவள் அப்பாவின் படகு வரும். வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அவள் வேலை. அது முடிந்தால்தான் மற்றதெல்லாம். ஏன் ஓடுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த முள்ளுக்காட்டுக்குள்ள பூந்துட்டா யாரும் கூப்பிட முடியாதுணா" என்றாள்.

இதைவிட நல்ல காரணம் எந்த விளையாட்டுக்கும் நான் கேட்டதில்லை.

அவளை ஒரு பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேற்கே மலையில், பத்து நாள். அங்கே நன்றாக ஓடினால் மாநில அணி. அவள் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடையில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது மாஸ்டரிடம் சொன்னார்:

"கொடிய ஒளிச்சி வெச்சி தேடுறதெல்லாம் ஒரு ஆட்டமா மாஸ்டர்? சின்னப் புள்ளைங்க ஐஸ்பாய் ஆடுற மாதிரி கீது. கிரிக்கெட்டு பேப்பர்ல வருது. கபடி வருது. செஸ்ஸு கூட வருது. இது என்னிக்காவது வந்துக்குதா? எம் பொண்ணு ஆடுறது பேப்பர்ல வரட்டும், நானே பஸ் ஏத்தி வுடுறேன்."

தினமும் அந்தக் கடையில் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பவர் அவர். புயல் வரும் என்று போட்டால் வராது, வராது என்று போட்டால் கூரை பறக்கும். அதனாலெல்லாம் பேப்பர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. அவள் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாஸ்டரும் நானும் பொன்னேரிக்குப் போனோம். வட்டாரச் செய்தியாளர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். செய்தி அவருக்குத் தொழில், ஜெராக்ஸ் சோறு. மாஸ்டர் கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் முள்ளுக்காட்டுக்குள் ஓடும் படம். முதுகு மட்டும் தெரிந்தது.

"சார், இதுல பந்து எங்க?"

"பந்து கிடையாதுங்க."

"எதிர் டீமு?"

"அதுவும் கிடையாது. எல்லாரும் தனித்தனியா ஓடுவாங்க."

"பாக்க எவ்ளோ பேர் வந்தாங்க?"

மாஸ்டர் நேர்மையான மனிதர். யாரும் வரவில்லை, காட்டுக்குள் ஓடினால் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது என்றார். செய்தியாளர் படத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னாபா இது, போலீஸ் தொரத்துற மாதிரி கீது? பாம்பு கீம்பு கடிச்சுதா யாரையாவது? கடிச்சிருந்தா நாளைக்கே போட்ருவேன்."

யாரையும் கடிக்கவில்லை என்று வருத்தத்துடன் சொன்னோம். அவருக்கு எங்கள் மேல் இரக்கம் வந்தது. ஒரு சிறப்பு விருந்தினரைக் கூட்டி வாருங்கள், அவர் வந்தால் செய்தி தானாக வரும் என்று வழி சொன்னார்.

அடுத்த போட்டிக்கு ஒரு பிரமுகரைக் கூட்டிவந்தோம். வெயில் ஏறும்வரை ஓட்டக்காரர்களை நிற்க வைத்துவிட்டு வந்து சேர்ந்தார். சால்வை போர்த்தினோம். கொடி அசைத்தார். எல்லோரும் காட்டுக்குள் மறைந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வருவாங்க?"

"வழி கண்டுபுடிச்சா வருவாங்க" என்றேன்.

அவர் காரில் ஏறிவிட்டார். மறுநாள் செய்தி வந்தது, படத்தோடு. இளைஞர்கள் போதைப் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பிரமுகர் பேசியதாக. போதையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சால்வையைத்தான் கேட்டார், இன்னொன்று இருக்கிறதா என்று. டீக்கடையில் அந்தப் பெண்ணின் அப்பா பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினார்.

"எம் பொண்ணு எங்கயா இதுல?"

"சால்வைக்குப் பின்னாடி ஒரு முழங்கை தெரியுது பாருங்க" என்றேன்.

"முழங்கைக்கெல்லாம் பஸ் ஏத்த முடியாது" என்றார். கடையே சிரித்தது.

முகாம் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரு போட்டிதான் பாக்கி. மாஸ்டர் தனியாகப் பொன்னேரிக்குப் போய்வந்தார். படத்தில் ஏரி இருந்தால் போடலாம் என்று செய்தியாளர் சொல்லியிருந்தார். முள்ளுக்காடு எந்த ஊரிலும் இருக்கிறது, பழவேற்காடு என்றால் தண்ணீர் தெரிய வேண்டுமாம். கடைசிக் கொடிகளை ஏரிக்குள், முழங்கால் ஆழத்தில் நடும்படி மாஸ்டர் என்னிடம் சொன்னார். விடியும்போது நீளமான மூங்கில்களை வரிசையாக நட்டு, ஆரஞ்சு வெள்ளைத் துணிகளையும் ஓட்டை போடும் கருவிகளையும் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஏரியில் இறால் பிடிக்கும் இடங்கள் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஊர்கள் முறை வைத்துக்கொண்டு வலை கட்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு நாள் இந்த ஊரின் பாடு என்றால் மறுநாள் அந்த ஊரின் பாடு. அடுத்தவர் பாடு நடக்கும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றினாலும் அது சண்டைதான், ஏனென்றால் இங்கே கம்பு நட்டுத்தான் வலை கட்டுவார்கள். தண்ணீரில் கம்பு நின்றால் இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். மாஸ்டர் பொன்னேரிக்காரர். நான் எந்த ஊர்க்காரனும் இல்லை. இதெல்லாம் எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று ஏரிக்கு அக்கரை ஊரின் பாடு. அவர்கள் படகில் வந்தார்கள். தங்கள் இடத்தில், குப்பத்துப் பக்கமாக, வரிசையாகக் கம்புகள், அதுவும் கொடி கட்டி. குப்பத்தார் துணிந்துவிட்டார்கள் என்று முடிவு செய்து கத்தினார்கள். சத்தம் கேட்டுக் குப்பத்தார் கரைக்கு ஓடிவந்தார்கள். பார்த்தால், கலர் கொடிகளைச் சுற்றி அக்கரைக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்கள்தான் எல்லைக் கொடி நட்டுவிட்டார்கள் என்று இவர்களும் முடிவு செய்தார்கள்.

"எங்க பாட்டுல கொடி நடுற அளவுக்கு வந்துட்டீங்களாடா?"

"நட்டுட்டு எங்களையே கேக்குறியா? எவன் தைக்கிறான் உங்களுக்கு இந்த மாதிரி கொடி?"

"தோ பார், இன்னா தகிரியம்! ரெண்டு கலரு வேற!"

ஒரே கொடியை அடுத்தவன் நட்டதாக இரண்டு ஊரும் சத்தியம் செய்தது. மாஸ்டர் கரையில் நின்று கையைக் கையை ஆட்டி, இது விளையாட்டு, இது விளையாட்டு என்று கத்தினார். விளையாட்டாகத் தெரியவில்லை. நான் படகு மறைவில் நின்றேன்.

அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து அவள் ஓடிவந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், இறங்கினாள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்களுக்கு நடுவே, "தள்ளுங்க மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்று புகுந்தாள். மூங்கிலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் அட்டையில் ஓட்டை போட்டாள். அடுத்த மூங்கிலுக்குப் போனாள். இரண்டு ஊரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. செய்தியாளர் தாமதமாக வந்து, வண்டியிலிருந்து இறங்காமலேயே படம் எடுத்தார்.

அவள் முதலாவதாக வந்தாள். மற்றவர்கள் கும்பலைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். வழி தெரியாமல் தவிப்பவர்கள் அன்றைக்கு மட்டும் சரியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

போலீஸ் வந்தது, டீ குடித்தது. இரு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கொடியை நட்டது இரண்டு ஊரும் இல்லை, எங்கிருந்தோ வந்த ஒருவன் என்று தெரிந்ததும் பல வருடங்களுக்குப் பிறகு ஒற்றுமை உண்டாயிற்று. இரு தரப்பும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன.

மறுநாள் பேப்பரில் பெரிதாக வந்தது. ஏரியில் மர்மக் கொடிகள், மீனவ கிராமங்களிடையே பதற்றம். படத்தின் நடுவில் அவள் முகம், தெளிவாக. கொடியைப் பிடுங்க முயன்ற மீனவப் பெண் என்று கீழே போட்டிருந்தார்கள். ஓட்டம், வரைபடம், முகாம், எதுவும் இல்லை. டீக்கடையில் ஒரே தர்க்கம். பேப்பரில் வந்துவிட்டது, பெண்ணை அனுப்பு என்று பாதிப் பேர். இது ஆட்டச் செய்தியே இல்லை, அடிதடிச் செய்தி, அனுப்ப வேண்டாம் என்று மீதிப் பேர். அவள் அப்பா பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் பையை எடுத்தேன்.

பாலத்தின் மேல் ஏறியபோது பின்னால் மொபெட் சத்தம். அவள் அப்பாதான். நிறுத்தினார். நான் பல்லை நினைத்துக்கொண்டேன்.

"எங்கயா போற?"

"பொன்னேரிக்குணா."

"அங்க இன்னா கீது?"

"போனாத்தான் தெரியும்."

சட்டைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்து நீட்டினார். "இது எம் பொண்ணுதானே?"

"ஆமாணா."

"கொடியப் புடுங்குறான்னு போட்டுக்கீறான்."

"புடுங்கலணா. அட்டையில ஓட்டை போட்டா. அதான் ஆட்டம்."

"அத்தனை பேரு அடிச்சிக்கினு நிக்கிறான், இவ பாட்டுக்கு ஓட்டை போட்டுகினு கீறா." படத்தை மறுபடி பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "காலையிலிருந்து பைய எடுத்து வாசல்ல வெச்சிகினு குந்திக்கினு கீறா. ஒரு வார்த்த பேசல. பேசுனா பதில் சொல்லலாம். இன்னா பண்றது சொல்லு?"

நான் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த மலையில ஏரி கீதா?"

"இருக்குமாம்ணா. படகு சவாரி வுடுவாங்களாம். வலை எல்லாம் கட்ட மாட்டாங்க."

"அப்ப கொடி நட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டான்."

"வர மாட்டாங்க."

பேப்பரை மடித்துச் சட்டைக்குள் செருகினார். "பேப்பர்ல வரட்டும்னு தான் சொன்னேன். எந்தப் பக்கத்துலன்னு சொல்லலியே. ஊரு முன்னாடி சொன்னது சொன்னதுதான், போவட்டும்." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "அவ போயிட்டா நண்டு யாருயா எடுக்கிறது? உங்க மாஸ்டரா?"

"ஊர்ல என்னப் பாத்தா எதாச்சும் சொல்வாங்கணா."

"சொல்வாங்க. நீ கம்முனு குந்திகினு வேலையப் பாரு. நா பேசிக்கிறேன். ஏறு."

ஏறினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளை மாஸ்டர் கூட்டிக்கொண்டு போனார். வழியனுப்ப எனக்கு நேரமில்லை. படகு வந்துவிட்டது. வலையை மணலில் குவித்துப் போட்டார்கள். உள்ளே நண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. பத்து நாள் வேலை, கூலி சாப்பாடும் கறிக்கு மீனும், படுக்க அதே கொட்டகை. சரி என்று உட்கார்ந்தேன். முதல் நண்டே என் கட்டை விரலைப் பிடித்தது. அந்தப் பக்கமாகப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கொடி நட்ட கையா அது?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நண்டை எடுத்தேன்.