கடைசிப் பாட்டும் பன்னிரண்டு சாக்ஸும்

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு வாடகை ரூம்களில் ஆறு அண்ணன்கள் குடியிருந்தார்கள். ஆறு பேருமே தெற்கத்திக்காரர்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் வீட்டில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று ஊரைச் சொன்னால் ஆள் திரும்பிப் பார்ப்பார். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு பேர் பாட்டுக் கேட்ட மாதிரி பாட்டுக் கேட்டவர்களை அதற்கப்புறம் நான் பார்க்கவேயில்லை. இத்தனைக்கும் இன்றைக்கு என் காதில் எந்நேரமும் ஏதாவது ஒன்று மாட்டித்தான் கிடக்கிறது.

ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். அது துணி துவைக்கும் நேரம். யூனிபார்மெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறுகிற வரைக்கும் பாட்டு. வாரத்துக்கு ஒருவர், தான் அந்த வாரம் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பத்தைப் போட வேண்டும். போனில் வருகிற சத்தம் ஆறு பேருக்குப் பத்தாது. அதனால் அம்மாவிடம் எவர்சில்வர் குண்டானைக் கேட்டு வாங்கி, போனை அதற்குள் நிறுத்திவைத்து, துவைக்கிற கல்லின் மேல் வைப்பார்கள். முந்தின நாள் சாம்பார் கொதித்த குண்டான் மறுநாள் பாடும்.

சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குச் சட்டதிட்டமெல்லாம் உண்டு. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் போட வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. நடுவில் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது. கொண்டுவருகிறவர் முழுசாகக் கேட்டு ஊறிப்போன ஆல்பமாக இருக்க வேண்டும். ஒரு நல்ல பாட்டைக் காட்டி மிச்சத்தை மற்றவர் தலையில் கட்டுகிற வேலை ஆகாது. எல்லாம் முடிந்த பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம். ஆல்பம் தேறவில்லை என்று தீர்ப்பானாலும், ரூலை மீறினாலும், கொண்டுவந்தவர் ஆறு பேர் சாக்ஸையும் துவைத்துப் போட வேண்டும். வாரம் முழுக்க சேப்டி ஷூவுக்குள் வெந்த சாக்ஸ். இதை எழுதும்போதே எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

சங்கரன்கோவில் அண்ணன் தொடர்ந்து மூன்று முறை அந்தச் சாக்ஸைத் துவைத்தார். பாடகர் யாருமே இல்லாத, வெறும் நாதஸ்வரமும் தவிலுமாக ஒரு மணி நேரம் ஓடுகிற ஒன்றை அவர் விடாமல் கொண்டுவந்தார். திட்டினார்கள், சிரித்தார்கள். மனுஷன் பேசாமல் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். நாலாவது முறை யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து, அதை ஏற்றித் தரச் சொல்லி அவரிடம் நீட்டினார்கள். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அம்மா கொஞ்சம் தள்ளி, மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். இல்லையென்றால் அரிசியில் கல் பொறுக்குவாள். அவளும் கேட்கிறாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். ஒரு ஞாயிறு மூன்றாவது பாட்டோடு போன் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. அடுத்த பாட்டு எது என்று அண்ணன்களுக்குள் வாக்குவாதம். அம்மா நிமிராமலே சொன்னாள்.

"அடுத்தது பொம்பள கொரல்ல ஆரம்பிக்கும். நடுவுல ஒரு எடத்துல வயலின் சட்டுனு நின்னுபூடும். அப்பால தான் ஆம்பள வருவாரு."

அந்த ஆல்பம் அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரே ஒரு தடவை ஓடியிருந்தது. போனைச் சார்ஜ் ஏற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வயலின் சட்டென்று நின்றது. ஆறு பேரும் அம்மாவைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன்.

கோவில்பட்டி அண்ணன்தான் கேட்டார். "அக்கா, நீங்க இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கீய?"

அம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "நான் இன்னாத்த கேக்கறது, நீங்க போடறதுதான்" என்றாள். கீரைக்கட்டு முடிந்ததும், தலையில் ஒரு பழைய ஆல்பம் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மண்ணூரிலிருந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது, பக்கத்து வீட்டில் தினம் காலையில் அந்த கேசட்டைப் போடுவார்களாம். என்ன படம் என்று தெரியாது. மெட்டை மட்டும் மெதுவாகப் பாடிக் காட்டினாள். என் அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கோவில்பட்டி அண்ணன் அந்த மெட்டைக் கேன்டீனில் பாடினார், கம்பெனி பஸ்ஸில் பாடினார், லைனில் பக்கத்தில் நிற்பவரிடம் பாடினார். சூப்பர்வைசரிடமும் பாடிக் காட்டித் திட்டு வாங்கினார் என்று கேள்வி. கடைசியில் மெயின்டனன்ஸில் ஒரு வயசான எலக்ட்ரீசியன் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். மொத்தம் ஆறு பாட்டு. அடுத்த ஞாயிறு அக்கா முறை என்று முடிவானது. முன்னாலேயே போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, எல்லாரோடும் சேர்ந்தே கேட்டுக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு அம்மா பண்ணிய ஆர்ப்பாட்டம் இருக்கிறதே. பத்து மணிக்கெல்லாம் சோறு, சாம்பார், பொரியல் தயார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. தலை வாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, அண்ணன்களுக்குச் சமமாகக் கல்லுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மடியில் முறம் இல்லை, கீரை இல்லை. அம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

குண்டான் பாடத் தொடங்கியது. ஒவ்வொரு வாத்தியமும் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அம்மாவின் விரல் முட்டியில் தட்டியது. தப்பவே இல்லை. சங்கரன்கோவில் அண்ணன் குண்டானைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது பாட்டு ஓடும்போது அப்பா கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கோவில்பட்டி அண்ணன் பழக்க தோஷத்தில் உதட்டில் விரல் வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடமா இப்படிக் காட்டினோம் என்று பதறிப் போனார். அப்பா ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் தானே தட்டை எடுத்தார், தானே சோறு போட்டுக்கொண்டார், தானே சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. எதிர் வீட்டு மாமா ஒருநாள் இப்படித்தான் தானே போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் அத்தை பையைத் தூக்கிக்கொண்டு படப்பையில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போய், இரண்டு மாதம் திரும்பி வரவில்லை. எங்கள் குடும்பமும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஐந்தாவது பாட்டு முடிந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மா, அப்பா தானே போட்டுக்கினு சாப்புடறாரு."

அம்மா குண்டானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

"ஏன் எழுந்து வந்துட்ட? பாட்டு முடிஞ்சிச்சா?" என்று அப்பா வாயில் சோற்றோடு கேட்டார். ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். பின்பக்கம் ஆறாவது பாட்டு ஆரம்பித்தது லேசாகக் கேட்டது. அதற்குள் அப்பளம் பொரிகிற சத்தம் அதை மூடிவிட்டது. அப்பா அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டார். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்த கோவில்பட்டி அண்ணன் வாசலிலேயே நின்றார். குரலே மாறியிருந்தது.

"அக்கா, அந்தக் கடைசிப் பாட்டு… அதுக்காகத்தான் இந்த ஆல்பத்தச் சொன்னீயளா?"

"அத நான் கேட்டதே இல்ல தம்பி" என்றாள் அம்மா. "அது ஆரம்பிக்கிற நேரத்துக்குக் கரெக்ட்டா கம்பெனி பஸ்சு வந்து ஆரன் அடிச்சிடுவான். மூணு வருசமும் அப்படித்தான். பரவால்ல, இன்னொரு நாளு கேட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கோ அவமானமாகப் போய்விட்டது. முழுசாகக் கேட்காத ஆல்பத்தைக் கொண்டுவந்தது ஒரு தப்பு, நடுவில் எழுந்து போனது இன்னொரு தப்பு. சங்கரன்கோவில் அண்ணன் ஒரு ரூலையும் மீறாமலே மூன்று தடவை சாக்ஸ் துவைத்திருக்கிறார். என் அம்மா இரண்டை மீறிவிட்டு அப்பளம் பொரிக்கிறாள். வீட்டுக்கார அக்காவிடம் அவர்கள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

நானே போய்ப் பன்னிரண்டு சாக்ஸையும் பொறுக்கி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"நீ எதுக்கு பாப்பா தொவைக்க?" என்றார் கோவில்பட்டி அண்ணன்.

"எங்கம்மா ரூல மீறிட்டாங்க இல்ல."

அவர் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் மொண்டு ஊற்றினார். அவருக்குத் தெரிந்திருக்கும், தண்டனை சரியான ஆளுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று. எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மாவை மன்னித்துக்கொண்டே பன்னிரண்டையும் துவைத்து முடித்தேன்.