துண்டு துண்டாக வரும் பேச்சு

போன செவ்வாய்க்கிழமை என் மகள் செல்வி கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள்.

"என்னட்டி, நெட் போயிட்டா?"

"இல்லப்பா. எக்ஸ்எம்எல்னு ஒண்ணு, கடுதாசி மாதிரி. அங்கருந்து அனுப்பினா நெட்வொர்க்ல துண்டு துண்டா வருது. என் புரோகிராம் முதல் துண்டு வந்ததுமே முழுசும் வந்துட்டுன்னு நினைச்சுக்கிடுது. வாசிச்சுப் பாத்துட்டு, தப்புன்னு தூக்கி எறியுது!"

நான் பள்ளிக்கூடம் போகாதவன். இந்தப் பத்தியே நான் சொல்ல அவள் டைப் அடிப்பதுதான் — உங்களுக்குத் தெரியாததா? தறிக்கு நூல் மூட்டை சுமந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? வாய் சும்மா இருந்தால்தானே!

"கொஞ்ச நேரம் ஒண்ணும் வரலைன்னா முடிஞ்சிட்டுன்னு வச்சுக்கிட வேண்டியதுதானே?"

"லைன் மெதுவா இருந்தாலும் இடைவெளி வரும்லா? கடைசியில முடிவு அடையாளம்னு ஒண்ணு இருக்குப்பா. அது வார வரைக்கும் பொறுமையா வாங்கி வாங்கிச் சேக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது...

என் மனைவி பார்வதி, விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவள். வீட்டில் அவள் 'காப்பி' என்றால் அடுத்த தெருவில் அடுப்பு பற்றவைப்பார்கள்! மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். இப்போது ஒரு வார்த்தை... வெகுநேரம் கழித்து இன்னொன்று.

நாங்கள் காத்திருந்தோமா? "கட்டில்..." என்று ஆரம்பிப்பாள். உடனே நான் தலையணையை உயர்த்துவேன். செல்வி விரிப்பை மாற்றுவாள். பார்வதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. பேசாமலே விட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏளா, நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன். முடிஞ்சதும் என் கையப் பிடி."

நம்பாமல் பார்த்தாள். நாற்பது வருஷ அனுபவம் ஆயிற்றே!

"கட்டில்ல..."

என் கை தன்னால் தலையணைக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். தெருவில் பூக்காரர் கூவிக்கொண்டே கடந்து போனார்.

"எடம்... கெடக்கு..."

அவ்வளவுதானா? கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"நீங்க... ஏன்... தரையில... கெடக்கிய?"

பிறகுதான் என் கையைப் பிடித்தாள்.

நோயாளிக்கு இடைஞ்சல் வேண்டாமென்று மூன்று மாதமாகக் கீழே பாயில் படுத்தவன் நான். அன்றே பாயைச் சுருட்டிவிட்டேன்.

கட்டில் கொஞ்சம் நெருக்கடிதான்... இருக்கட்டுமே!