நாங்களே எழுதிக்கொண்ட நல்ல பெயர்

மாலை ஆறு இருபது. 2008-ம் வருட மழைக்காலம். கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு சிக்னலில் காலேஜ் பஸ் இறக்கிவிட்டால், ஐந்தே முக்காலுக்கெல்லாம் என் மகள் எங்கள் பேக்கரிக்குள் நுழைந்து பையை வீசிவிட்டு, ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொள்வாள். அன்று வரவில்லை. அதே பஸ்ஸில் வருகிற பெண் குடையோடு கடையைத் தாண்டிப் போனாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அவ மத்தியானமே கிளம்பிட்டாளே ஆன்ட்டி. தலைவலின்னா" என்றாள்.

மகளின் செல்போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். காரணம், அன்று காலை வீட்டில் நடந்தது. அதைச் சொல்ல ஒரு வாரம் பின்னால் போக வேண்டும்.

நான் பள்ளி ஆசிரியை. பேக்கரி என் கணவருடையது. மாடம்பாக்கம் போகிற வழியில் இருந்தது. சாயங்காலங்களில் நான் கல்லாவில் உட்காருவேன். அந்தப் பக்கம் புதிது புதிதாக அடுக்குமாடிகள் வந்து, ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள் குடியேறிய காலம். எந்த டாக்டரிடம் காட்டலாம், எந்தத் தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வரும் என்றெல்லாம் பேசிக்கொள்ள அவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யாரோ அதில் எங்கள் தேங்காய் பன்னைப் பற்றி நாலு வரி எழுதப்போய், சனிக்கிழமைகளில் கடை வாசலில் பைக் நிறுத்த இடமில்லாமல் போனது. "நம்ம கடை கம்ப்யூட்டர்ல வந்திருக்கு" என்று என் கணவர் பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே குழுவில்தான் ஒரு பெண்மணி எழுதினார். எங்கள் கடை முட்டை பஃப்ஸைச் சாப்பிட்ட அவருடைய ஐந்து வயது மகன் இரவெல்லாம் வாந்தி எடுத்து, ட்ரிப்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள் என்று. ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் பெயரையும், சிவன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தன் தெருவையும் போட்டே எழுதியிருந்தார்.

அது பொய்யில்லை என்று எங்களுக்குத் தெரியும். முதல் நாள் மிஞ்சிய பஃப்ஸை மறுநாள் காலையில் சூடு பண்ணி முன்வரிசையில் அடுக்குவோம். புதிதாகச் சுட்டது பின்வரிசைக்குப் போகும். பழையது முதலில் விற்க வேண்டுமே. எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான், ஒருநாளும் எதுவும் ஆனதில்லை. ஆனால் அந்த முறை முந்தின நாள் பாதி நேரம் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. என் கணவர் வருத்தப்பட்டார். "போகட்டும், நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்று விட்டுவிட்டார்.

மகளால் விட முடியவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள். "அப்பா விடிகாலைலயே எழுந்து மாவு பிசையறாரு. இவங்க உக்காந்த இடத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு முடிச்சிட்டாங்கம்மா!"

நாலு பெயர்களில் குழுவில் சேர்ந்தாள். ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். நாலு பேரும் எங்கள் கடையைப் புகழ்ந்தார்கள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். "சும்மா நல்லா இருக்குன்னா யாரு நம்புவா? விவரமா எழுது. புது ஓவன் போட்டிருக்கோமே, அதை எழுது" என்று சொன்னது நான்தான். நாலு பெயரிலும் புது ஓவன் வந்தது. நாலாவது பெயரில் அவளாகவே இன்னொன்றும் சேர்த்தாள்: அந்தப் பெண்மணி புதிதாகத் திறந்த வேறொரு பேக்கரிக்காரர்கள் ஏவிவிட்ட ஆள் என்று. அதைப் படித்ததும் "இது வேண்டாமே" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இரண்டு நாள் எங்கள் பக்கம் காற்றடித்தது. குழுவில் இருந்தவர்கள் அந்தப் பெண்மணியைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் மேடம், மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா என்று கேலி. அவர் பதிலே எழுதவில்லை. மகளும் நானும் அதை வெற்றி என்று நினைத்தோம்.

பிறகு ஓர் இளைஞர் அமைதியாக ஒரு கேள்வி போட்டார். ஓவன் கடையின் பின்கட்டில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பஃப்ஸ் வாங்குகிற நாலு பேருக்கும் அது புதுசு என்று எப்படித் தெரிந்தது? நாலு பேரும் ஒரே ராத்திரியில் சேர்ந்தவர்கள் என்பதை இன்னொருவர் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். கெட்டுப்போன முட்டையை மன்னித்திருப்பார்கள். இதை மன்னிக்கவில்லை. அந்தப் பேச்சு மெயிலில் ஆபீஸ் ஆபீஸாகப் போனது. தட்டில் அடுக்கிய பன் அடுக்கியபடியே இருந்தது.

என் கணவருக்கு விஷயம் தெரிந்தது, வாசலில் டீ குடிக்கும் ஆட்டோக்காரர் மூலமாக. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனிதர் அவர். "இன்னாண்ணா, பரீட்சையும் நீயே எழுதி மார்க்கும் நீயே போட்டுகினியாமே? ஊரே சிரிச்சிகினு கீது" என்றாராம்.

மறுநாள் காலை அவர் மகளை நிற்கவைத்துக் கத்தினார். "இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு. ஒரே வாரத்துல முடிச்சிட்டே. என் மூஞ்சியில முழிக்காத, போ!"

நான் டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாதான் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டாள்.

அந்தப் பெண்தான் சாயங்காலம் வரவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டர், அவள் சிநேகிதி வீடு, கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன். அந்தத் தண்டவாளங்களை நான் பார்த்த பார்வையை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது. திரும்பும் வழியில், மழையில், அவர் முதுகைப் பார்த்தே சொன்னேன்: "ஓவனைப் பத்தி எழுதச் சொன்னது நான்தாங்க. பக்கத்துலயே நின்னேன்." அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "காலைல சொல்லியிருக்கலாமே" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

கடைக்கு வந்து சேர்ந்தோம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் யாருடைய மழைக்கோட்டையோ மாட்டிக்கொண்டு என் மகள். ஓட்டி வந்தவருக்கு முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. பெயரைச் சொன்னார். பஃப்ஸைப் பற்றிக் குழுவில் எழுதிய பெண்மணி அவர்தான்.

மத்தியானமே அவர் தெருவைத் தேடிப்போன என் மகள், வேலை முடிந்து அவர் வரும்வரை மழையில் கேட் ஓரமாகவே நின்றிருக்கிறாள். எழுதியதெல்லாம் தான்தான் என்று சொல்லி அழுதிருக்கிறாள். ஓவனைப் பற்றி எழுதச் சொன்னது யாரென்பதை அங்கேயும் சொல்லவில்லை.

என் கணவர் கை கூப்பினார். நான் மகளைக் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டிக்கொண்டு நிற்கும்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "மேடம், நாங்க குழுவிலேயே மன்னிப்பு எழுதிடறோம். நீங்களும் அந்த முதல்ல எழுதினதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "எடுக்க மாட்டேங்க. நடந்ததைத்தானே எழுதினேன். உங்க பொண்ணைத் திட்டாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஒரு வாரமா எல்லாரும் எழுதினாங்க. எவ்வளவு வாங்கினேன்னு கேட்டாங்க, எந்தக் கடைக்காரன் அனுப்பினான்னு கேட்டாங்க. என் பையன் இப்ப எப்படி இருக்கான்னு கேட்டது இவ ஒருத்திதான்."

நானும் பிள்ளை பெற்றவள்தான். அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.