புயல் சாகப் பழகிய வீடு

அத்தானுக்கு நாய் என்றால் பயம். தெருவில் ஒன்று படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். அவர்தான், வீடியோ கேம் ஆடுகிறவர்களெல்லாம் உயிரையே வைத்திருந்த புயல் என்ற ஓநாய்.

அந்த விளையாட்டில் நாட்டை இழந்த இளவரசன் ஒருவன் பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டே போவான். கூடவே போகும் ஓநாய்தான் புயல். இளவரசன் பேசுவதைப் பாதிப் பேர் கேட்காமலே தள்ளிவிடுவார்கள். புயல் முனகினால் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த முனகல், உறுமல், கொட்டாவி எல்லாமே என் அக்கா புருஷனுடையவை.

அவர் நடிகர் இல்லை. ஒலிப்பதிவு அறையின் சுவரில் சத்தத்தை அடக்கும் ஃபோம் ஒட்டப் போன ஆள். அதற்கு மரச்சட்டம் அடிக்கும்போது சுத்தியல் கட்டைவிரலில் விழுந்து, அவர் போட்ட சத்தம் தற்செயலாகப் பதிவாகிவிட்டது. "இவ்வளவு நாளா தேடின ஓநாய் இதுதான்யா!" என்று டைரக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

"ஊருக்கெல்லாம் ஊளை விடறாரு. எனக்கு ஒரு 'ம்' கொட்டக்கூட வாய் வரல" என்பாள் அக்கா.

மூன்றாம் பாகத்தில் புயலைக் கொன்றுவிடுவது என்று கம்பெனி முடிவு செய்தது. புயல் பொம்மை, புயல் தலையணை எல்லாம் விற்றாகிவிட்டது. இனி விற்க மிச்சமிருந்தது துக்கம் மட்டும்தான். புயல் போனால் அத்தானின் வேலையும் போகும். அந்தச் சாவுக்கும் அவரே குரல் கொடுக்க வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அத்தானுக்குச் சாக வரவில்லை. "தூக்கம் வர்ற மாதிரி முனகறீங்க, அண்ணே. வீட்டுல செத்துப் பழகிட்டு வாங்க" என்று டைரக்டர் அனுப்பிவிட்டார்.

பழகினார். சமையலறையில் அக்கா வெங்காயம் நறுக்குவாள், கூடத்தில் என் எதிரே அத்தான் சாவார்.

"இந்தத் தடவை நல்லா செத்தீங்க. கடைசில கொஞ்சம் இழுங்க" என்றவள், சட்டென்று கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நல்லா செத்தா வேலை போயிடுமே! சுமாராவே சாகுங்க."

"சுமாரா செத்தா வேற ஆளக் கூப்பிட்டுடுவாங்க."

அந்த வாரம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கதவு இடிபட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நாய் வளர்க்கக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேனா இல்லையா?"

"நாயே இல்லீங்கம்மா."

"அப்ப உள்ள சாகறது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வீட்டுக்காரம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அலமாரியைத் திறந்தார். கவிழ்த்து வைத்த வாளியைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.

"வாயில்லா ஜீவன டாக்டர்கிட்ட காட்டாம சாகடிச்சு ஒளிச்சு வச்சிருக்கீங்க. இப்பவே போலீசக் கூப்பிடறேன்."

"என்னங்க, அந்தச் சத்தத்தப் போட்டுத் தொலைங்க! ஜெயிலுக்கா போகப் போறீங்க?" என்று அக்கா கத்தினாள்.

அத்தான் கூச்சத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஒருமுறை செத்துக் காட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு நன்றாகச் செத்ததில்லை.

வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. "இது... நம்ம புயலாச்சே! ரெண்டு பாகமும் ஆடி முடிச்சவ நான். ஐயோ, புயல் சாகப் போகுதா?"

மூட்டுவலியால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற அந்த அம்மா அன்று தாவித் தாவி ஏறிப் போனார்.

அவர் கைபேசியில் போட்ட ஒரு வரி உலகம் சுற்றியது. கம்பெனி வாசலில் கூட்டம் மெழுகுவத்தி ஏற்றியது. பூதங்களைக் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்த்தவர்களெல்லாம் உயிர்வதை கூடாது என்று அட்டை பிடித்தார்கள். புயலைக் கொல்லும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்று டைரக்டர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். புயல் பிழைத்தது.

ரகசியத்தை வெளியே விட்டதற்காக அத்தானை நிறுத்திவிட்டார்கள். போதுமான முனகல் பதிவாகியிருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டியதில்லையாம். புயலின் சத்தத்தை இனி அவர் எங்கேயும் எழுப்பக் கூடாது என்று இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவருக்காக ஒரு மெழுகுவத்தியும் எரியவில்லை.

அக்கா மாடியேறிப் போய்ச் சண்டை போட்டாள். "உங்களாலதாம்மா இவரு வீட்டுல உக்காந்திருக்காரு!"

"பாவம்தான்..." என்ற வீட்டுக்காரம்மாவின் முகம் உடனே மலர்ந்தது. "ஆனா புயல் பொழச்சிடுச்சே!"

பரிகாரமாகத் தன் விளையாட்டு அறைக்கு ஃபோம் ஒட்டும் வேலையை அத்தானுக்கே கொடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி புதுப் பாகம் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் புயல் அத்தானின் குரலில் முனகியது. அத்தான் திரும்பிப் பார்த்தார். சுத்தியல் நேராகக் கட்டைவிரலில் இறங்கியது.

முகம் சிவந்து, கன்னம் உப்பி, வாயை இறுக மூடிக்கொண்டார்.

"கத்திடுங்க அத்தான்" என்றேன்.

விரலை உதறியபடி மாட்டேன் என்று தலையாட்டினார். "அது கம்பெனியோடதும்மா."

வீட்டுக்காரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் மெதுவா அடிங்களேன். புயல் முனகறது காதுல விழல."